செம்பு ஒரு பக்கம், பில் ஒரு பக்கம்: ஏழை நாடுகளின் வரிப்பணம் எப்படி ஒழுகுகிறது?

2020 மே 20 அன்று ஆப்பிரிக்க நாடான சாம்பியாவின் உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மொபானி என்ற செம்புச் சுரங்க நிறுவனம் 24 கோடி குவாச்சா (சாம்பியாவின் நாணயம்) கூடுதல் வரி கட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. அன்றைய மதிப்பில் சுமார் 1.3 கோடி டாலர். சுரங்கத் தொழிலில் புரளும் பணத்தோடு பார்த்தால் இது சில்லறை. ஆனாலும் வளரும் நாடுகளின் வரித் துறைகளில் இந்தத் தீர்ப்பு நிறையப் பேசப்பட்டது. ஒரு ஏழை நாட்டின் வரித் துறை, உலகின் மிகப் பெரிய சரக்கு வணிக நிறுவனங்களில் ஒன்றோடு சம்பந்தப்பட்ட கணக்கைப் பிரித்துப் பார்த்து, நீதிமன்றத்தில் கடைசிவரை நின்று ஜெயிப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கறுப்புப் பணம் என்றால் நம் மனதில் சூட்கேஸும், சுவிஸ் வங்கியின் ரகசியக் கணக்கும், தப்பி ஓடிய அரசியல்வாதியும்தான் வருகிறார்கள். அவர்களும் உண்டு. ஆனால் நாட்டைவிட்டு முறைகேடாகப் போகும் பணத்தில் பெரும்பகுதி சூட்கேஸில் போவதில்லை. பில், ஒப்பந்தம், தணிக்கையாளர் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்க, பட்டப்பகலில் வங்கி வழியாகவே போகிறது. ஆப்பிரிக்க ஒன்றியமும் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும் தென்னாப்பிரிக்க முன்னாள் அதிபர் தாபோ எம்பெக்கி தலைமையில் ஒரு உயர்நிலைக் குழு அமைத்தன. 2015இல் வந்த அதன் அறிக்கை, வெளியே போகும் பணத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் வணிக நடவடிக்கைகள் வழியாகவும், 30 சதவீதம் கடத்தல் போன்ற குற்றங்கள் வழியாகவும், 5 சதவீதம் ஊழல் வழியாகவும் போவதாகச் சொன்னது. மிக அதிகமாகத் திட்டு வாங்கும் ஊழல்தான் இந்தப் பட்டியலில் கடைசி.

சரி, அந்த 65 சதவீதம் எப்படி நடக்கிறது? மொபானியை வைத்தே பார்க்கலாம்.

ஒரு டன் செம்பின் பயணம்

சாம்பியாவின் வடக்கே காங்கோ எல்லையை ஒட்டிய பகுதிக்குக் 'காப்பர்பெல்ட்' என்றே பெயர். அங்கே கிட்வே, முஃபுலிரா ஆகிய ஊர்களில் இருந்த அரசுச் சுரங்கங்கள் 2000ஆம் ஆண்டு தனியாருக்குப் போய் மொபானி ஆயின. பெரும்பான்மைப் பங்கு, முன்பு சொன்ன சரக்கு வணிக நிறுவனமான கிளென்கோரின் கைக்கு வந்தது. அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தில் பார் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. தோண்டுவது மொபானி, அதனிடமிருந்து வாங்கி உலகச் சந்தையில் விற்பது கிளென்கோரின் சுவிஸ் நிறுவனம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே குடும்பம்.

இது ஏன் பிரச்சினை என்பதைப் புரிந்துகொள்ளக் காப்பர்பெல்ட் வரை போக வேண்டாம். தென்னந்தோப்பை வாரத்துக்கு விட்டிருக்கிறீர்கள். விற்ற பணத்தில் பாதி உங்களுக்கு, பாதி தோப்பைப் பார்த்துக்கொள்பவருக்கு. சந்தையில் ஒரு காய் 20 ரூபாய். அவர் அதைத் தன் மச்சானுக்கு 12 ரூபாய்க்கு விற்றதாகப் பில் காட்டி, உங்கள் பங்கு 6 ரூபாயை நாணயமாக எண்ணிக் கொடுக்கிறார். மச்சான் அதே காயைச் சந்தையில் 20க்கு விற்கிறார். பில்லில் பொய் இல்லை, 12 ரூபாய் நிஜமாகவே கைமாறியிருக்கிறது. ஆனாலும் காய்க்கு 4 ரூபாய் உங்களுக்கு நஷ்டம்.

இதையே செம்புக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு டன் செம்பு எடுக்க 5,000 டாலர் செலவு, சந்தை விலை 7,000 டாலர், லாப வரி 30 சதவீதம். வெளியாருக்கு விற்றால் லாபம் 2,000, வரி 600 டாலர். சொந்த நிறுவனத்துக்கு 5,500க்கு விற்றால் லாபம் 500, வரி 150 டாலர். மீதி 1,500 டாலர் லாபம், வரி குறைவான இன்னொரு நாட்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழுமத்தின் மொத்த லாபம் ஒரு காசு குறையவில்லை. அது எந்த நாட்டில் தெரிகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

ஒரே குழுமத்துக்குள் நடக்கும் விற்பனைக்குப் போடும் இந்த விலைக்குப் பரிமாற்ற விலை என்று பெயர். அப்படி விலை போடுவதே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் உள்ளுக்குள் வாங்கி விற்றுத்தான் ஆக வேண்டும். அந்த விலை, சம்பந்தமே இல்லாத இருவர் பேரம் பேசினால் வந்திருக்கும் விலையாக இருக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க இருக்கும் விதி. மொபானி வழக்கின் சாரமும் இதுதான். மற்ற வாடிக்கையாளர்களுக்கு விற்ற விலையைவிடக் கிளென்கோருக்கு விற்ற விலை குறைவு, இது அந்நியர்களுக்கிடையே நடக்கக்கூடிய வியாபாரம் அல்ல என்றது வரித் துறை. ஒப்பந்தம் வணிக நியாயப்படிதான் போடப்பட்டது என்றது நிறுவனம். தீர்ப்பாயமும் வரித் துறை பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றமும் நின்றது.

எந்த ஆண்டுகளுக்கான வரி என்று பார்த்தால்தான் வயிறு எரியும். 2006-07, 2007-08, 2008-09. தீர்ப்பு வந்தது 2020இல். இன்றைய குவாச்சா கணக்கில் 2008இல் ஒரு டாலருக்கு நான்கு குவாச்சா போல இருந்தது. தீர்ப்பு வந்தபோது பதினெட்டு. குவாச்சாவில் கணக்கிட்ட பாக்கி, டாலரில் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு வருடா வருடம் தானாகவே இளைத்துக்கொண்டே போகிறது. வழக்கை இழுப்பதே ஒரு தள்ளுபடி.

இந்தக் கணக்கு விவகாரம் வெளியே தெரிய வந்ததும் நேர்வழியில் இல்லை. சாம்பிய வரித் துறை வெளிநாட்டுத் தணிக்கையாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் கசிந்தது. செலவுக் கணக்குகளிலும் விற்பனை விலைகளிலும் ஒட்டாத இடங்கள் இருப்பதாக அது சொன்னது. கிளென்கோர் அதை முழுக்க மறுத்தது. தணிக்கைக்கே வெளி ஆள் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். எதிரே இருப்பவர்கள் செம்பு விலையை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து வியாபாரம் செய்பவர்கள். அந்த ஒப்பந்தங்களைப் படித்து ஓட்டை கண்டுபிடிக்கத் தெரிந்த அதிகாரிகள் ஏழை நாடுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள்.

அதே 2011இல் கிளென்கோர் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் தலைமை அதிகாரி சூரிச் அருகே ரூஷ்லிகான் என்ற ஊரில் குடியிருந்தார். பங்கு வெளியீட்டால் அவருக்கு வந்த வருமானத்துக்கு அவர் கட்டிய வரியால் அந்த ஊரின் கஜானா நிரம்பியது, வரி விகிதத்தையே குறைத்தார்கள். மாநில அளவிலான வரிப் பகிர்வு மூலம் மற்ற ஊர்களுக்கும் பங்கு போனது. அவற்றில் ஹெடிங்கன் என்ற ஊர் மக்கள் 2013இல் வாக்கெடுப்பு நடத்தி, தங்களுக்கு வந்ததில் சுமார் 1,10,000 பிராங்கை, கிளென்கோர் சுரங்கம் நடத்தும் நாடுகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நல்ல மனதுதான். ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சாம்பியாவுக்கு வரியாக வந்திருந்தால் அது உரிமை. இப்படி வந்தால் அது நன்கொடை.

கடனும் பெயரும் கட்டணமும்

விலையைக் குறைத்துக் காட்டுவது ஒரு வழி. செலவைக் கூட்டிக் காட்டுவது இன்னொரு வழி, நடைமுறையில் இதுதான் எளிது. ஏனென்றால் செம்புக்காவது லண்டன் உலோகச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. 'நிர்வாக ஆலோசனை'க்கு எந்தச் சந்தையில் விலை பார்ப்பது?

2010இல் ஆக்‌ஷன் எய்ட் என்ற தொண்டு நிறுவனம் கானா நாட்டின் ஒரு பீர் ஆலையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆலை, எஸ்ஏபி மில்லர் என்ற பன்னாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தது. உள்ளூர் பீரின் பெயருக்கான உரிமை நெதர்லாந்தில் இருந்த கிளையிடம் இருந்தது, அந்தப் பெயரைப் பயன்படுத்த ஆலை ராயல்டி கட்டியது. நிர்வாகக் கட்டணம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. மூலப்பொருள் கொள்முதல் மொரீஷியஸ் கிளை வழியாகக் கணக்கில் வந்தது. கடைசியில் கானாவில் லாபம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 2007 முதல் 2010 வரை நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு ஆண்டுதான் ஆலை நிறுவன வரி கட்டியது என்கிறது அறிக்கை. ஆலைக்கு அருகே அதே பீரை விற்றுப் பிழைக்கும் ஒரு பெட்டிக்கடைப் பெண், வருமான வரிக் கணக்கில் ஆலையைவிட அதிகம் கட்டியிருந்தார் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. வரியைத் தவிர்க்கவில்லை, வேறு வரிகள் நிறையக் கட்டுகிறோம் என்று நிறுவனம் மறுத்தது. கலால் வரியும் விற்பனை வரியும் நிறையப் போவது உண்மைதான். ஆனால் அவை குடிப்பவர் பாக்கெட்டிலிருந்து வருகின்றன.

கடன் இன்னும் சுவாரஸ்யமானது. தாய் நிறுவனம் தன் கிளைக்குப் பங்கு முதலீடாகப் பணம் கொடுத்தால், லாபத்துக்கு வரி கட்டிய பிறகு மிஞ்சுவதைத்தான் ஈவுத்தொகையாக எடுக்க முடியும். அதே பணத்தைக் கடனாகக் கொடுத்தால் வட்டியாக எடுத்துக்கொள்ளலாம். வட்டி, செலவுக் கணக்கில் போய் லாபத்தைக் குறைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் இந்தியா உள்பட பல நாடுகள், வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனத்துக்குக் கட்டும் வட்டியில் இவ்வளவுதான் செலவாகக் காட்டலாம் என்று வரம்பு போட்டிருக்கின்றன. மொபானி கதையின் பின்பகுதியும் கடனைப் பற்றியதுதான். 2021இல் கிளென்கோர் தன் பங்கைச் சாம்பிய அரசு நிறுவனத்துக்கு விற்றது. விலை ஒரு டாலர். கூடவே மொபானி கிளென்கோருக்குத் தர வேண்டிய 150 கோடி டாலர் கடனும் சேர்ந்து வந்தது.

லாபம் என்ற சொல் எவ்வளவு நெளியும் என்பதற்குச் சாம்பியாவிலேயே நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருக்கிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் தாய்க் குழுமமான வேதாந்தா, 2004இல் அங்கே கொங்கோலா சுரங்கத்தில் 51 சதவீதப் பங்கை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தச் சுரங்கம் ஆண்டுதோறும் குறைந்தது 50 கோடி டாலர் தருகிறது என்று வேதாந்தா தலைவர் அனில் அகர்வால் ஒரு கூட்டத்தில் பேசிய காணொளி 2014இல் சாம்பியாவில் பரவி, பெரிய கொந்தளிப்பு ஆனது. நஷ்டம், பணம் இல்லை என்றல்லவா சொன்னீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். வரவு, ரொக்க லாபம், வரிக்குரிய லாபம் மூன்றும் வெவ்வேறு என்பதை இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தேய்மானம், வட்டி, பழைய நஷ்டம் எல்லாவற்றையும் கழித்த பிறகு நல்ல வரவு உள்ள சுரங்கமும் வரிக் கணக்கில் நஷ்டம் காட்டலாம், சட்டப்படியே. அந்தச் சட்டத்தையும் சலுகைகளையும் யார் எழுதினார்கள் என்பது அடுத்த கேள்வி.

திருட்டா, கெட்டிக்காரத்தனமா?

வருமானத்தை மறைப்பது, பொய் பில் போடுவது வரி ஏய்ப்பு, அதாவது குற்றம். சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து வரியைக் குறைப்பது வரித் தவிர்ப்பு. நடுவில் அகலமான சாம்பல் நிறப் பகுதி ஒன்று இருக்கிறது. மொபானி மீது யாரும் கிரிமினல் வழக்குப் போடவில்லை, கூடுதல் வரி கேட்டார்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் 'முறைகேடான நிதிப் பாய்ச்சல்' என்ற தலைப்பில் சேர்க்கலாமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஐ.நா.வின் புள்ளிவிவர வரையறை, அத்துமீறிய வரித் தவிர்ப்பையும் உள்ளே வைத்திருக்கிறது. நிறுவனங்களுக்கு அது பிடிப்பதில்லை. லாபத்தை உண்டாக்கிய உழைப்பும் மண்ணும் ஒரு நாட்டில், லாபம் மட்டும் இன்னொரு நாட்டில் என்றால், சட்டம் என்ன பெயர் வைத்தாலும் இழப்பு இழப்புதான் என்பது என் கட்சி.

மொத்தம் எவ்வளவு? எம்பெக்கி குழு, ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் என்றது. ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2020இல் 8,860 கோடி டாலர் என்றது. அது ஆப்பிரிக்காவின் மொத்த உற்பத்தியில் 3.7 சதவீதம். இந்த எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். பல மதிப்பீடுகள், ஒரு நாடு காட்டும் ஏற்றுமதிக் கணக்கையும் எதிர்நாடு காட்டும் இறக்குமதிக் கணக்கையும் ஒப்பிட்டு, ஒட்டாத தொகையை 'போன பணம்' என்று எடுத்துக்கொள்கின்றன. சாம்பியாவின் பதிவேட்டில் பாதிக்கு மேற்பட்ட செம்பு சுவிட்சர்லாந்துக்கு விற்றதாக இருந்த காலம் உண்டு. சுவிஸ் சுங்கப் பதிவில் அந்தச் செம்பைக் காணோம். திருடு போய்விட்டதா? இல்லை. செம்பு லாரியில் ஏறித் துறைமுகம் போய், கப்பலில் ஆசியாவுக்குப் போயிருக்கும். சுவிட்சர்லாந்துக்குப் போனது பில் மட்டும்தான். அந்த இடைவெளி முழுவதையும் கொள்ளை என்று சொன்னால் எதிர்த்தரப்புக்கு வேலை சுலபமாகிவிடும். அந்தப் பில்லில் என்ன விலை போட்டிருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

யார் கட்டுகிறார்கள்?

ஓடிப்போன வரியின் இடம் காலியாக இருப்பதில்லை. பள்ளிக்கூடம், மருந்து, கடனுக்கான வட்டி எல்லாவற்றுக்கும் அரசுக்குப் பணம் வேண்டும். ஓட முடியாதவர்களிடம் வசூலிப்பார்கள். மாதச் சம்பளக்காரரிடம் சம்பளம் வருமுன்னே பிடித்துக்கொள்ளலாம். சோப்பு, எண்ணெய், பெட்ரோல் மீது போட்டால் எல்லோரும் கட்டித்தான் ஆக வேண்டும். வரி நியாயம் என்று பேசுகிறவர்கள் கேட்பது இதைத்தான்: தாங்கும் சக்தி உள்ளவர் கூடுதலாகக் கட்ட வேண்டும், லாபம் உண்டான இடத்தில் வரி கட்ட வேண்டும். விற்பனை வரியில் முதல் பாதி அடிபடுகிறது. நாள் கூலியில் முக்கால்வாசி சாப்பாட்டுக்கே போகிறவரும், கால்வாசிகூடப் போகாதவரும் ஒரு ரொட்டிக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். 2024இல் கென்யா அரசு ரொட்டிக்கு 16 சதவீத வரி உள்படப் புதிய வரிகளைக் கொண்டுவரப் பார்த்தது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், பல உயிர்கள் போயின, அதிபர் மசோதாவைக் கைவிட்டார்.

எல்லா ஒழுகலும் வெளியார் செய்வதில்லை. இலங்கை 2019 டிசம்பரில் தானாகவே மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது, வருமான வரியையும் குறைத்தது. அரசின் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. பிறகு 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம் ஆனது. சலுகை கொடுத்தபோது பலன் யாருக்கு அதிகம் போனது, திரும்ப வசூலிக்கும்போது சுமை யார் தலையில் விழுந்தது என்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

சாம்பியாவும் சலுகைக்குச் சளைத்ததில்லை. சுரங்கங்களைத் தனியாருக்குக் கொடுத்தபோது செம்பு விலை பாதாளத்தில் இருந்தது. வாங்க ஆள் வந்தாலே போதும் என்ற நிலை. தோண்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டி சட்டத்தில் 3 சதவீதமாக இருந்தது, அதை ஒப்பந்தங்களில் 0.6 சதவீதமாக்கிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் செம்பு விலை நாலு மடங்கு ஏறியது, அரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. 2008இல் அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்து, விலையேற்ற லாபத்துக்குத் தனி வரியும் போட்டார்கள். அந்த வருடக் கடைசியில் விலை சரிந்தது. 2009இல் தனி வரி போய்விட்டது.

அடைக்க முடியுமா?

பெரிய பெரிய மாநாடுகளைவிட, ஒரு வரியில் எழுதக்கூடிய விதிகள் அதிகம் வேலை செய்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. 2008இல் சாம்பியா கொண்டுவந்த ஒரு விதி: சொந்தக் குழுமத்துக்கு விற்கும் செம்புக்கு, நீங்கள் என்ன விலை போட்டிருந்தாலும், லண்டன் உலோகச் சந்தை விலையில் விற்றதாகவே வரி கணக்கிடப்படும். பேரம் இல்லை, வருடக்கணக்கில் இழுக்கும் வழக்கும் இல்லை. அர்ஜென்டினா தானிய ஏற்றுமதிக்கு இதே வழியில் போனது. நார்வே தன் கச்சா எண்ணெய்க்கு அரசே ஒரு விலையை நிர்ணயித்து, அதன்படி வரி வாங்குகிறது. சந்தை விலை தெரிந்த பொருளுக்குத்தான் இது சரிப்படும். மென்பொருளுக்கும் பிராண்டு பெயருக்கும் உதவாது.

அப்புறம் வரி ஒப்பந்தங்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமல் இருக்கப் போடப்பட்டவை, நாளடைவில் எங்கேயும் கட்டாமல் தப்பிக்கும் பாதை ஆயின. மொரீஷியஸுடன் இந்தியா 1983 முதல் வைத்திருந்த ஒப்பந்தம் பெயர்பெற்றது. இந்தியப் பங்கை விற்று வரும் லாபத்துக்கு மொரீஷியஸ் முகவரி இருந்தால் இங்கே வரி இல்லை, அங்கேயும் இல்லை. அந்தத் தீவிலிருந்து நமக்கு அந்நிய முதலீடு கொட்டியது. 2016இல் திருத்தி, 2017 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய பங்குகளுக்கு வரி என்று ஆக்கினார்கள். சாம்பியா, மொரீஷியஸுடன் இருந்த தன் ஒப்பந்தத்தை 2020இல் முறித்தே விட்டது. மொபானி தீர்ப்பும் அதே ஆண்டு, நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தவறியதும் அதே ஆண்டு.

அதிகாரிகளின் திறமை பற்றி முன்பே சொன்னேன். 2015இல் தொடங்கிய 'எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள்' என்ற திட்டத்தில், அனுபவமுள்ள தணிக்கையாளர்கள் ஏழை நாட்டு வரித் துறைக்கு வந்து, நடப்புக் கோப்புகளிலேயே உடன் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வகுப்பெடுத்துவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

உலக விதி எழுதுவதில்தான் இப்போது இழுபறி. பணக்கார நாடுகளின் சங்கமான ஓஈசிடி 2021இல், பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு எங்கேயானாலும் குறைந்தது 15 சதவீத வரி என்ற உடன்பாட்டைக் கொண்டுவந்தது. சுமார் 140 நாடுகளில் அப்போது சேராமல் நின்றவை நான்குதான்: கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. இந்தியா சேர்ந்தது. 15 என்பது மிகக் குறைவு, கூடுதல் வரியில் பெரும்பங்கு தலைமையகம் இருக்கும் பணக்கார நாடுகளுக்கே போகும் என்பது விமர்சகர்களின் வாதம். விதியை எழுதும் மேசையே மாற வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வுக்குப் போயின. உலக வரி உடன்படிக்கையை ஐ.நா.விலேயே எழுத வேண்டும் என்று 2023 நவம்பரில் அவை கொண்டுவந்த தீர்மானத்துக்கு 125 நாடுகள் ஆதரவு, 48 எதிர்ப்பு. எதிர்த்தவற்றில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் இருந்தன. இந்தியா ஆதரித்தது. அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் எதிர்ப்பு ஒன்பதாகச் சுருங்கியது, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. 2025 பிப்ரவரியில் பேச்சுவார்த்தை தொடங்கியதுமே அமெரிக்கா எழுந்து போய்விட்டது. மற்றவர்கள் தொடர்கிறார்கள். உடன்படிக்கையின் வரைவை முடிக்க வைத்திருக்கும் கெடு 2027.